சீட்டில் இல்லாத வரிகள்: இதயத் துடிப்புக்கு மருந்து எழுதும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

இதய நோய் மருத்துவர்களுக்கும், வார்டில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிக்கும் இளம் டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என் அப்பாவுக்குச் சில வருடங்களாக இதயத் துடிப்பு சீராக இல்லை. அவருடைய மாத்திரை டப்பாவை வாராவாரம் நிரப்புவது என் பொறுப்பு. எழுதிய சீட்டை நீங்கள் ஒருமுறை பார்ப்பீர்கள். நான் ஒவ்வொரு வாரமும் மேசையில் விரித்து வைத்து வரி வரியாகப் பார்க்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சீட்டில் மாத்திரையின் பெயர் இருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது. 1-0-1 என்று இருக்கிறது. 30 நாள் என்று இருக்கிறது. அது எதற்கான மாத்திரை, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது, எதுவரை போடுவது, யார் சொன்னால் நிறுத்தலாம்? இவை எதுவும் இல்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் சீட்டில் இவை இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. துடிப்புக் கோளாறுக்கான சீட்டில் இல்லாவிட்டால் ஆள் படுத்துவிடலாம். அந்த நான்கு விஷயங்களையும் நோயாளிக்குப் புரிகிற பாஷையில் அதே தாளில் எழுதிக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மிச்சமெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

அந்த "30 நாள்" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வந்து பார்க்கும்வரை வாங்க வேண்டிய அளவு அது என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளிக்கோ, ஆன்டிபயாடிக்குக்கு 5 நாள் எழுதினால் 5 நாளில் வேலை முடிந்தது என்றுதான் பழக்கம். 30 நாள் மாத்திரை தீர்ந்தால் வைத்தியம் தீர்ந்தது என்று அவர் நினைப்பதில் என்ன தப்பு? ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரைக்கும், ஒரு வாரம் போட்டு நிறுத்த வேண்டிய மாத்திரைக்கும் உங்கள் சீட்டு ஒரே மாதிரிதான் தெரிகிறது.

புறநோயாளிகள் பெஞ்சில் ஒரு பெரியவர் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு இருக்கும் அதே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் அவருக்கும். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பழைய ஈ.சி.ஜி. தாள்கள். "போன தடவை எடுத்ததுல துடிப்பு நார்மல்னு வந்துருச்சும்மா. அதான் அந்த ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய விட்டுட்டேன். பல்லு தேய்ச்சா ஈறுல ரத்தம் வருது, கை எங்க இடிச்சாலும் கன்னிப்போகுது, எதுக்கு அந்தத் தொல்லை" என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவரு கேக்கலையேம்மா."

அவர் சோம்பேறியும் இல்லை, அசட்டையானவரும் இல்லை. மற்ற மாத்திரைகளை நேரம் தவறாமல் போடுகிறவர்தான். இந்த நோய்க்கு நீங்கள் கொடுக்கும் மருந்துகள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இந்தப் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான்; எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதற்காகக் கேளுங்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350-க்கும் மேல் மின்தூண்டல் பெற்று, சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு பகுதிதான் கீழறைகளுக்கு இறங்கி வருகிறது; அதுவும் தாறுமாறாக. படபடப்பு, மூச்சுவாங்கல், களைப்பு எல்லாம் அதனால் வருபவை. இது நோயாளிக்குத் தெரிகிற பாதி. தெரியாத பாதி இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சிறு பையில் நடக்கிறது. அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991-லேயே காட்டிவிட்டது.

ஆகவே மெட்டோப்ரோலால், டில்டியாஸெம், டிகாக்ஸின் போன்றவை வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. அமியோடரோன், சோட்டலால், ஃப்ளெக்கனைடு போன்றவை தாளத்தைத் திருப்ப அல்லது தக்கவைக்கப் பார்க்கின்றன. வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகாட்ரான் ஆகியவற்றுக்குத் துடிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கட்டி உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. முதல் வகையைப் போட்டால் நெஞ்சு அடங்குவது தெரிகிறது. கடைசி வகையைப் போட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை, விட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் ஈறில் ரத்தமும் கையில் கன்றலும்தான். இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று தோன்றினால் மனுஷன் எதை விடுவான்?

2002-ல் வெளிவந்த அஃபர்ம் ஆய்வு உங்களுக்குப் பாடம். 4,060 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தாளத்தைச் சீராக்கப் பார்த்தார்கள், மற்றவர்களுக்கு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினார்கள். அதில் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர், எந்தப் பிரிவில் இருந்தாலும், வார்ஃபரினை நிறுத்தியிருந்தவர்கள் அல்லது ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) போதுமான அளவுக்கு ஏறாதவர்கள். தாளம் திரும்பியவர்களையும் சேர்த்துத்தான். பெஞ்சில் இருந்த பெரியவர் செய்ததும் அதுவே. "துடிப்பு நார்மல் ஆனாலும் இதை நிறுத்தக்கூடாது" என்று மாத்திரையின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்திருந்தால் அவர் நிறுத்தியிருக்க மாட்டார். சீட்டில் எழுதியிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் தலைமுறை அவர்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: "அதுவும் ரத்தம் உறையாம இருக்கத்தானே" என்று சொல்லி, தெரிந்தவர் யாராவது ஆஸ்பிரினுக்கு மாறச் சொல்வார்கள். இந்தக் கோளாறில் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் ஈடாகாது என்று இன்றைய வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. அதையும் நீங்கள்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் "நீ என்ன டாக்டரா?" என்று கேட்கிறார்கள்.

அடுத்து, விட்டுப்போன வேளை. வீட்டில் நடக்கும் மருந்துக் குழப்பத்தில் பாதி இதில்தான். இரவு பத்தரை மணிக்கு அப்பா படுக்கையிலிருந்து கேட்பார்: "எட்டு மணி மாத்திரை போட்டேனா?" டப்பாவில் பார்த்தால் காலி. ஆனால் அன்று மாலை டப்பாவைத் தட்டிவிட்டுப் பொறுக்கிப் போட்டது ஞாபகம் வருகிறது. போட்டாரா, இல்லையா? இன்னொன்று கொடுக்கலாமா? அந்த நேரத்துக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

பதில் இல்லாத கேள்வி இல்லை இது. அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகாட்ரான் போன்ற புதிய வகை மருந்துகளுக்கு ஐரோப்பிய இதயத் துடிப்புச் சங்கத்தின் கையேடு எளிய கணக்கு ஒன்று சொல்கிறது: இரண்டு வேளைக்கு இடையிலான நேரத்தில் பாதி தாண்டாவிட்டால் விட்டுப்போனதைப் போடலாம், தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வேளையிலிருந்து தொடரலாம். தினம் இரண்டு வேளை மாத்திரைக்கு 6 மணி நேரம், ஒரு வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம். விட்டதை ஈடுகட்ட இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. இரண்டு வேளை மாத்திரையில் "போட்டேனா இல்லையா" என்ற சந்தேகம் வந்தால், இன்னொன்று போடாமல் அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே நல்லது. ஒரு வேளை மாத்திரைக்கு இந்தச் சந்தேகத்தில் பதில் ஆளுக்கு ஆள் மாறும், அவருடைய பக்கவாத ஆபத்தைப் பொறுத்து. அதனால்தான் அந்த வரியை நீங்களே எழுத வேண்டும் என்கிறேன்.

வார்ஃபரின் கதை வேறு. அது மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். இன்று விட்டதன் விளைவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனையில் தெரியும். அன்றே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தால் வழக்கமான அளவை மட்டும் போட்டுவிட்டு, விட்ட தேதியைக் குறித்து வைத்து அடுத்த பரிசோதனையில் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், குறைந்த ஐ.என்.ஆரைப் பார்த்து நீங்கள் அளவைக் கூட்டிவிடுவீர்கள். பிறகு அவர் ஒழுங்காகப் போட ஆரம்பித்ததும் ரத்தம் கசியும்.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதைதான். வார்ஃபரின் போடுகிறவரிடம் "கீரை சாப்பிடாதீங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறீர்கள். கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்; அதன் அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கீரையை அறவே ஒதுக்கியவர் ஒரு நாள் ஆசைக்கு நிறையச் சாப்பிட்டால் கணக்கு இன்னும் மோசமாகத்தான் புரளும். புதிய மாத்திரைகளுக்குக் கீரைப் பத்தியமே கிடையாது. அதையும் யாரும் சொல்லாததால், வார்ஃபரினிலிருந்து மாறிய பிறகும் பல வீடுகளில் பத்தியம் தொடர்கிறது.

இப்போது அமியோடரோன். இதைப் பற்றித்தான் எனக்கு நிஜமாகவே கோபம். இந்த மருந்தைத் தொடங்கும்போது முதலில் அதிக அளவு கொடுத்துப் பிறகு குறைப்பீர்கள். வழக்கமான ஒரு முறை: 200 மில்லிகிராம் முதல் வாரம் மூன்று வேளை, அடுத்த வாரம் இரண்டு வேளை, அதற்குப் பிறகு ஒரு வேளை. டிஸ்சார்ஜ் அன்று நோயாளி எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படியை மட்டும் சம்மரியில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். 1-1-1. கீழே ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் அதே சீட்டைக் காட்டி அதே அளவு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் சம்மரியிலும் அப்படித்தான் இருந்தது. "இது எந்தத் தேதியில் குறையும்?" என்று நான் கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்துப் பக்கத்தில் தேதி எழுதினார்கள். கேட்காமலே எழுத வேண்டிய தேதி அது.

உடம்பில் தங்கும் விஷயத்தில் அமியோடரோனுக்கு இணை இல்லை. கொழுப்பில் போய்ச் சேர்ந்துவிடும். ரத்தத்தில் பாதியாகக் குறையச் சராசரியாக 58 நாள் பிடிக்கும். சிலருக்கு நூறு நாளுக்கு மேலும் ஆகும். நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் மற்ற மருந்துகளோடு மோதிக்கொண்டிருக்கும். ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதனால் தைராய்டு சுரப்பு கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, ஈரல் பரிசோதனை வேண்டும் என்பது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் சீட்டில் இல்லை. வறட்டு இருமல் வந்தால், மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் உடனே வந்து காட்டுங்கள் என்று ஒரு வரி எழுதினால், அதை "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று தள்ளிவிடாமல் கூட்டிக்கொண்டு வருவோம்.

அப்பாவுக்கு ஏற்கனவே வார்ஃபரின் போய்க்கொண்டிருக்கும்போது அமியோடரோன் சேர்ந்தால், வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்க வேண்டி வரும். டிகாக்ஸின் இருந்தால் அதையும் பாதியாக்க வேண்டும். சிம்வாஸ்டாட்டின் இருந்தால் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு மாத்திரை உள்ளே வந்தால் மூன்று மாத்திரையின் அளவு மாறுகிறது. புதியது மட்டும் சீட்டில் ஏறி, பழையவை அப்படியே இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வருவதற்கு வழியே இல்லை.

மாத்திரை டப்பா பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு நாள், நான்கு வேளை, மூடி போட்ட அந்த டப்பாவை வாங்கச் சொன்னதே நீங்கள்தான். நல்ல யோசனைதான். ஆனால் டபிகாட்ரானை அதில் போடக்கூடாது. ஈரப்பதம் பட்டால் கெட்டுப்போகும். அட்டையிலிருந்தோ வந்த புட்டியிலிருந்தோ வேளைக்கு வேளை எடுக்க வேண்டும். புட்டியாக இருந்தால் திறந்த நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறார் என்று கேப்ஸ்யூலைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் கொடுத்தால், ரத்தத்தில் ஏறும் அளவு 75 சதவீதம் வரை கூடிவிடும். மெட்டோப்ரோலாலில் மெதுவாகக் கரையும் வகையைப் பொடி செய்தால் நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே மூச்சில் போகும். மாறாக அபிக்ஸபானைப் பொடி செய்து கொடுக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மாத்திரையைப் பொடிப்பது அன்றாட வேலை. எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது என்று பார்மசியில் கேட்டால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் 20 மில்லிகிராமில் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும். "1-0-0" என்று எழுதினால், காலையில் தைராய்டு மாத்திரையோடு வெறும் வயிற்றில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. தினமும் தவறாமல் போடுகிறார், ஆனால் மருந்து முழுதாக ஏறவில்லை. இதை எந்த டப்பாவும் காட்டிக்கொடுக்காது.

இனி மற்ற டாக்டர்கள். இருமல் என்றால் ஒருவர், வயிற்றுப்போக்கு என்றால் ஒருவர், மூட்டு வலி என்றால் இன்னொருவர். ஒவ்வொருவரும் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்பார்கள். அப்பா, "பி.பி.க்கும் ஹார்ட்டுக்கும்" என்பார். அதோடு முடிந்தது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் எழுதுவார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடஸோல் எழுதுவார்கள். வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். எகிறும். மூக்கடைப்புக்குச் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரை வந்தால் அடங்கியிருந்த நெஞ்சு மறுபடி அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும்.

சோட்டலால், அமியோடரோன் போடுகிறவர்களுக்கு இன்னும் நுணுக்கமான ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பச் சிறிது நேரம் எடுக்கும். இந்த மருந்துகள் அந்த நேரத்தை நீட்டுகின்றன. அப்படித்தான் வேலையே செய்கின்றன. அதே நேரத்தை நீட்டும் இன்னொரு மருந்து சேர்ந்தால் இதயம் திடீரென்று உயிரைப் பறிக்கும் வேகத்தில் ஓடத் தொடங்கலாம். அந்த இன்னொரு மருந்துகள் அபூர்வமானவையா என்றால் இல்லை: அஸித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளாக்ஸசின், ஃப்ளுகோனஸோல், வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், ஒண்டான்செட்ரான். வாந்தியிலும் பேதியிலும் பொட்டாசியம், மக்னீசியம் இறங்கியிருக்கும்போது இந்த ஆபத்து இன்னும் கூடும். சோட்டலாலை ஆஸ்பத்திரியில் வைத்து ஈ.சி.ஜி. பார்த்துத்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு ஜாக்கிரதையாக இருக்கிறீர்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால் அந்த ஜாக்கிரதை எங்கே போகிறது?

ஒவ்வொரு மருந்தின் பெயரையும் நாங்கள் மனப்பாடம் செய்ய முடியாது. இந்த நோயாளிக்கு எந்தெந்த வகை மருந்து கொடுக்கக்கூடாது என்று ஒரு சின்ன அட்டையில் அடித்துக் கொடுங்கள். பர்ஸில் வைத்துக்கொண்டு போய் அடுத்த டாக்டரிடம் நீட்டுகிறோம். வாயால் சொன்னால் கோபப்படும் டாக்டர்கூட, இன்னொரு டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளைப் படிப்பார்.

"எனக்கும் இதே பிரச்சினைதான், இந்த மாத்திரை நல்லா கேக்குது" என்று சொந்தக்காரர் அட்டையை நீட்டும்போது மறுக்கவும் இந்தக் காகிதங்கள் உதவும். 1989-ல் காஸ்ட் ஆய்வு ஏன் பாதியில் நிறுத்தப்பட்டது? மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு ஃப்ளெக்கனைடும் எங்கனைடும் கொடுத்தபோது கூடுதல் துடிப்புகள் அடங்கின; ஆனால் மருந்து எடுக்காதவர்களைவிட எடுத்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஈ.சி.ஜி. அழகாக இருந்தது, ஆள் போய்விட்டார். இதயத்தின் அமைப்பில் கோளாறு இல்லாத ஒருவருக்கு இன்றும் நன்றாகவே பயன்படுகிற அதே மருந்து, மாரடைப்பு வந்த இன்னொருவருக்கு எமன்.

நாடி எண்ணிக்கை பற்றிச் சுருக்கமாக. "பல்ஸ் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறீர்கள். சீரற்ற துடிப்பில் 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாக வரும், முழு நிமிடமும் எண்ண வேண்டும் என்று சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு மேலே, எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 110-க்குக் கீழே இருந்தாலே பலருக்குப் போதும் என்று 2010-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அது தெரியாமல் 95-ஐப் பார்த்துவிட்டுக் கூடுதலாக அரை மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். டிகாக்ஸின் போடுகிறவருக்குப் பசியில்லை, குமட்டுகிறது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் மருந்து அளவு மீறியிருக்கலாம். 0.25, 0.125 மில்லிகிராம் என இரண்டு அளவில் வருகிற மாத்திரை அது. எழுதும்போது அந்தப் புள்ளியைத் தயவுசெய்து தெளிவாகப் போடுங்கள்.

சிறுநீரகமும் இதில் பங்காளி. டபிகாட்ரானில் ஏறத்தாழ 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் சுணங்கினால் மருந்து தேங்கும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க நீங்கள் கணக்கிடும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 60-க்குக் கீழே இருந்தால், அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது கிடைக்கும்: 40 என்றால் நான்கு மாதம். இவ்வளவு எளிய கணக்கு இருக்கும்போது, "அடுத்த ரத்தப் பரிசோதனை இந்த மாதம்" என்று சீட்டில் எழுதுவதற்கு என்ன தடை?

பல் பிடுங்க வேண்டும், கண் ஆபரேஷன், எண்டோஸ்கோப்பி என்று வரும்போது வேறொரு கூத்து. அங்கே இருப்பவர் "ரத்த மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்பார். எத்தனை நாள், எப்போது மறுபடி தொடங்குவது என்று சொல்ல மாட்டார். பல் பிடுங்குவது போன்ற சிறிய வேலைகளுக்குப் பல நேரங்களில் நிறுத்தவே வேண்டியதில்லை. பெரிய ஆபரேஷனுக்கு நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்தும் தேதியோடு தொடங்கும் தேதியும் ஒரே வரியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே நிறுத்தினால் பக்கவாத ஆபத்து கூடும் என்ற எச்சரிக்கை புதிய வகை மருந்துகளின் குறிப்புத்தாளில் கட்டம் கட்டிப் போடப்பட்டிருக்கிறது. அந்தத் தாள் எறும்பு எழுத்தில், எங்களுக்குப் புரியாத மொழியில், அட்டைப்பெட்டிக்குள் எட்டாக மடிந்து கிடக்கிறது. மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களிடம், அதற்கு முன் மூன்று வாரம், பின் நான்கு வாரம் ஒரு வேளைகூட விடக்கூடாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லும்படியும் சொல்லுங்கள். திட்டுவீர்களோ என்ற பயத்தில் மறைக்கிறவர்கள் அதிகம்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பது தெரியும். ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதை நாங்கள் வெளியே டோக்கனோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால்தான் பேச்சைக் கேட்காமல் எழுத்தைக் கேட்கிறேன். இந்தக் கோளாறுக்கு நீங்கள் எழுதும் மருந்துகள் மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி ஒருமுறை தயார் செய்து கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டால், மருந்தின் பெயரைத் தட்டும்போதே அதுவும் சேர்ந்து அச்சாகிவிடும். இப்படி:

"அபிக்ஸபான் 5. மூளைக்கு ரத்தக்கட்டி போகாமல் இருக்க. காலை 8, இரவு 8. துடிப்பு சரியானாலும் நிறுத்தக்கூடாது. விட்டுப்போனால் 6 மணி நேரத்துக்குள் போடலாம். சேர்த்து இரண்டு போடக்கூடாது. வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வேண்டாம். தலையில் அடிபட்டால், மலம் கறுப்பாகப் போனால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரவும். நிறுத்துவதாக இருந்தால் எங்களைக் கேட்டு மட்டும்."

இவ்வளவுதான். படிக்க ஒரு நிமிடம் ஆகாது.

நேரம் கிடைக்கும் நாளில் இன்னொன்றும் செய்யலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், என் அப்பா இன்னும் வேகமாக ஆட்டுவார். "வீட்டுக்குப் போய் இத எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது தெரியும் யாருக்கு எது புரியவில்லை என்று. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துப் பாதுகாப்புக்காகத் தொடங்கிய இயக்கத்தில், நோயாளி கேள்வி கேட்க வேண்டிய ஐந்து சந்தர்ப்பங்களைச் சொல்கிறார்கள்: மருந்து தொடங்கும்போது, போடும்போது, இன்னொன்றைச் சேர்க்கும்போது, மறுபரிசீலனை செய்யும்போது, நிறுத்தும்போது. நாங்கள் கேட்கத் தயார். கேட்டதும் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் செய்கிறோம். பரிசோதனைக்கு வரும்போது நாட்டு மருந்து, இருமல் டானிக், வலி மாத்திரை உட்பட வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவருகிறோம். விட்டுப்போன வேளைகளைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம்.

மேலே காட்டியது போல அப்பாவின் எல்லா மாத்திரைகளுக்கும் நானே ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது இரண்டு பிரதி கொண்டுவருகிறேன். தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு மையில் அடித்துத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இரவு பத்தரை மணிக்குக் கூப்பிடக்கூடிய ஒரு நம்பர் எழுதுவதற்கும் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாத்திரை டப்பா நிரப்பும் ஒரு மகள்